ஏழு பேடுகளும் சீமெந்து முட்டையும்

என் கையால் நடந்த நல்ல காரியம் ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் அதிகம் யோசிக்க மாட்டேன். ஏழு கோழிகளைப் பெட்டிக்குள் முட்டையிட வைத்தேன் என்று சொல்வேன். கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். முட்டை குடிக்கப் பழகிய கோழியைத் திருத்த ஏலாது, கறிச்சட்டிதான் அதற்கு வழி என்று எல்லோரும் ஒரே வாயாய்ச் சொன்னபோது, ஒன்றைக்கூட அறுக்காமல் அந்தப் பழக்கத்தை நிறுத்தியவள் நான்.

நாங்கள் திருகோணமலை லிங்கநகரில் இருக்கிறோம். வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் வேலை. கப்பல்களை இழுத்து வந்து கட்டும் இழுவைப் படகு ஒன்றில் எஞ்சின் பார்க்கிறார். இரண்டு நாள் படகில் நின்றால் இரண்டு நாள் வீட்டில் நிற்பார். நான் எங்கள் கோயில் வளவில் நடக்கும் பாலர் பாடசாலையில் உதவியாளர். காலை ஏழரைக்குப் போய்ப் பகல் பன்னிரண்டுக்குத் திரும்புவேன். மகள் கலியாணம் முடித்து மட்டக்களப்புக்குப் போன பிறகு பின்வளவு சும்மா கிடந்தது. கோழி வளர்ப்போம் என்று நான்தான் சொன்னேன்.

சாம்பல்தீவுப் பக்கம் ஒரு பண்ணையில் மூன்று மாதப் பேடுகள் ஏழு வாங்கி வந்தோம். ஆறு நல்ல செம்மண் நிறம். ஒன்றுக்கு மட்டும் வால் கறுப்பு. வீட்டுக்காரர் பழைய பெட்டிப் பலகைகளையும் கம்பிவலையையும் வைத்து இரண்டு லீவு நாளில் கூடு அடித்தார். கூட்டின் கிழக்குப் பக்கச் சுவரில், இடுப்பளவு உயரத்தில், முட்டையிட மூன்று பெட்டிகள். கோழிகள் இரவில் ஏறி இருக்க, முழங்கால் உயரத்தில் ஒரு தடி. கூட்டைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார், "இஞ்சேரப்பா, உந்தக் கூட்டுக்க நானே இருந்திடுவன் போல கிடக்கு."

இரண்டு மாதம் போயிற்று. கொண்டைகள் சிவந்தன. தீன் போடக் கிட்டே போனால் பேடுகள் முதுகைத் தாழ்த்திப் பதுங்கி நின்றன. முட்டைக் காலம் வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. பெட்டிகளில் வைக்கோல் போட்டுவிட்டு, பாடசாலையால் வந்ததும் வராததுமாக ஓடிப்போய்ப் பார்ப்பேன். ஒரு கிழமையாக ஒன்றுமில்லை.

ஒரு நாள் பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்கா, நான் ராத்தா என்று கூப்பிடுகிறவர், வேலியோரம் வந்து கூப்பிட்டார். கிண்ணியாவில் பிறந்து, கலியாணம் முடித்து எங்கள் தெருவுக்கு வந்தவர். அவருடைய கணவர் சந்தியில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கிறார். கழித்த டயர்களை வேலியோரமாக அவர்கள் அடுக்கி வைத்திருந்தார்கள்.

"தங்கச்சி, இந்தாங்க," என்று ஒரு கோப்பையை நீட்டினார். அதற்குள் பதினொரு முட்டைகள். சின்னச் சின்னதாக, புறா முட்டைக்கு அண்ணன் போல இருந்தன.

"எங்கால ராத்தா?"

"எல்லாம் உங்கட கோழிர முட்டைதான். டயருக்குள்ள இட்டு வெச்சிரிக்கி. அவர் ஒரு டயர எடுக்கப் போய்க் கையை விட்டிட்டு, பாம்பு முட்டையெண்டு கத்தினார்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவர் நினைத்திருந்தால் பதினொன்றையும் பொரித்துத் தின்றிருக்கலாம். யாருக்கும் தெரிந்திராது. ஐந்தை அவரிடமே வற்புறுத்திக் கொடுத்தேன். வாங்க மாட்டேன் என்றவர், வேலிக்கு மேலால் நான் கையை நீட்டியபடியே நின்றதைப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

குற்றம் என்னுடையது. விடிந்ததும் கூட்டைத் திறந்துவிட்டு என் பாட்டில் வேலைக்குப் போய்விடுவேன். கோழி முட்டையிடுவது பெரும்பாலும் காலையில்தான். அந்த நேரம் அவை தெருவெல்லாம் சுற்றி, தங்களுக்குப் பிடித்த இருட்டான, ஒதுக்கான இடத்தைத் தாங்களே தேடிக்கொண்டன. டயரைப் போல ஒதுக்கம் வேறெங்கே கிடைக்கும்?

அடுத்த நாளிலிருந்து கூட்டைத் திறக்கவில்லை. தண்ணீரும் தீனும் உள்ளே வைத்துவிட்டுப் போய், பன்னிரண்டுக்கு வந்துதான் திறந்தேன். முதல் இரண்டு நாள் ஏழும் சேர்ந்து கத்திய கத்தில் ராத்தா வீட்டில் காலை நித்திரை கெட்டது. மூன்றாம் நாள் கூட்டுக்குள் முட்டை கிடந்தது. பெட்டியில் இல்லை. நிலத்தில், கதவுக்குப் பின்னால் இருட்டு மூலையில், எச்சத்துக்கு நடுவில்.

வீட்டுக்காரர் வந்து பார்த்தார். "நான் மினக்கெட்டுப் பெட்டி அடிச்சது ஆருக்கு?"

"படுக்கிறதுக்கு," என்றேன். அது உண்மை. பொழுதுபட்டதும் ஏழில் நாலு அந்தப் பெட்டிகளுக்குள் ஏறிப் படுத்துவிடும். காலையில் பெட்டி முழுக்க எச்சம். அழுக்கான பெட்டிக்குள் முட்டையிட அவற்றுக்கே மனமில்லை. தடி தாழ்வாகவும் பெட்டி உயரமாகவும் இருந்ததால் வந்த வினை அது. கோழிக்கு எப்போதும் உயர்ந்த இடத்தில்தான் நித்திரை. எங்கள் கூட்டில் உயர்ந்த இடம் பெட்டிதான்.

இதை அவருக்குச் சொல்ல எனக்குத் தயக்கமாக இருந்தது. இரண்டு நாள் வேர்வை சிந்தி அடித்த கூடு. ஆனால் சொன்னேன். அவர் போய்ச் சுத்தியலை எடுத்து வந்தார். தடி நெஞ்சளவுக்கு உயர்ந்தது. பெட்டிகள் கீழே இறங்கி, கதவுக்குப் பின்னாலிருந்த அதே இருட்டு மூலைக்குப் போயின. பெட்டி வாசலில் சாக்கைக் கிழித்துத் திரை கட்டினேன். பின்னேரம் ஐந்து மணிக்கு வாசல்களைப் பலகையால் அடைத்து, விடிய எழும்பித் திறந்தேன். பெட்டிக்குள் படுத்துப் பழகிய நாலும் இரண்டு மூன்று நாள் பலகைக்கு முன்னால் நின்று முணுமுணுத்துவிட்டு, தடியில் ஏறப் பழகிக்கொண்டன.

இனி, முட்டையிடும் இடம் இதுதான் என்று அவற்றுக்குக் காட்ட வேண்டும். ஒரு முட்டை கிடக்கும் இடத்தில்தான் கோழி அடுத்த முட்டையை இடும். உண்மை முட்டையை வைத்தால் கெட்டுப்போகும். வீட்டுக்காரர் வலையில் கட்டும் வெள்ளை மிதவை மூன்று கொண்டு வந்தார். பார்வைக்கு முட்டை மாதிரித்தான் இருந்தன. ஆனால் பாரமில்லை. பேடு ஒன்று வந்தது, காலால் ஒரு தட்டு, மிதவை கூட்டின் மறுகரைக்குப் போய்விட்டது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. முட்டையின் முனையில் சின்ன ஓட்டை போட்டு உள்ளே இருந்ததை ஒரு கோப்பையில் ஊற்றிப் பொரியலுக்கு வைத்துவிட்டு, வெறும் கோதுக்குள் சீமெந்துக் கூழ் விட்டேன். இரண்டு நாள் நிழலில் காயவிட்டுக் கோதை உரித்து எடுத்தபோது, அசல் முட்டை ஒன்று கல்லாகிக் கையில் கிடந்தது. சுண்ணாம்பு பூசினேன். வீட்டுக்காரர் அதைக் கையில் வைத்து உருட்டி உருட்டிப் பார்த்தார்.

"இதை ஆர் உனக்குச் சொல்லித் தந்தது?"

"ஒருத்தரும் இல்லை."

அந்த இரண்டு சொல்லையும் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்துதான் இருந்தது. பாலர் பாடசாலையில் பத்து வருசமாக மற்றவர்கள் சொன்னதை வெட்டி ஒட்டுகிற கை அது. தானாக ஒன்றைச் செய்தது அன்றைக்குத்தான்.

பெட்டிக்கு ஒன்றாக மூன்று சீமெந்து முட்டை வைத்தேன். பத்து நாளுக்குள் ஐந்து பேடுகள் பெட்டிக்குப் பழகின. மற்ற இரண்டும் நிலத்தில் இட்டால், இட்ட இடத்தைச் சுரண்டிச் சாம்பல் தூவுவேன். அவையும் ஒரு மாதிரி வழிக்கு வந்தன. இனி எல்லாம் சரி என்று நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் அடுத்தது தொடங்கியது.

ஒரு நாள் பெட்டிக்குள் மூன்று முட்டைதான் இருந்தன. வைக்கோல் ஈரமாக, மஞ்சள் பிடித்து ஒட்டிக் கிடந்தது. அடுத்த நாள் இரண்டு. கோதின் துண்டுகூட மிச்சமில்லை. லீவில் நின்ற வீட்டுக்காரர் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார். கறுத்த வால்காரியின் சொண்டில் மஞ்சள் கரு வழிந்துகொண்டிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை இலங்கைத்துறையிலிருந்து மச்சாள் வந்தார். வீட்டுக்காரரின் மூத்த அக்கா. வரும்போது எப்போதும் மீனோடு வருவார். பேச்சும் மீன் வெட்டுகிற மாதிரித்தான், ஒரே வெட்டு. கதையைக் கேட்டதும் சொன்னார்.

"முட்டை குடிச்ச கோழி திருந்தாது. மற்ற ஆறுக்கும் பழக்கிப் போடும். இண்டைக்கே கறி வையுங்கோ. நானே உரிச்சுத் தாறன்."

வீட்டுக்காரரும் தலையாட்டினார். எனக்கு மனம் வரவில்லை. செல்லம் கொஞ்சி வளர்த்த கோழி என்று சொல்ல மாட்டேன். நான் கோழிக்கறி தின்கிறவள்தான். ஆனால் இவ்வளவு பாடுபட்டுப் பெட்டிக்குப் பழக்கிய பிறகு, தோற்றுப்போய் அறுக்கிறது எனக்குப் பிடிக்கவில்லை.

"மச்சாள், எனக்கு ரெண்டு ஞாயிறு தாங்கோ," என்றேன். "அதுக்குப் பிறகும் முட்டை உடைஞ்சால், உங்களுக்குச் சொல்லி அனுப்பாமல் நானே அறுக்கிறன்."

"ரெண்டு ஞாயிறுக்க உவளுக்குப் புத்தி வந்திடுமே?"

"பாப்பம்."

அவர் சிரித்தார். "சரி பிள்ளை, கோழிக்குப் பாடம் எடுங்கோ," என்று மீனைக் கழுவப் போய்விட்டார்.

அந்தக் கிழமை நடுவில் பௌர்ணமிப் போயா விடுமுறை வந்தது. காலை ஏழு மணிக்கே குசினியிலிருந்த சின்ன வாங்கைக் கொண்டுபோய்க் கூட்டுக்குப் பக்கத்தில் போட்டுக் குந்தினேன். மடியில் பாடசாலைக்கு வெட்ட வேண்டிய நிறக் கடதாசி. கண் பெட்டியில். எங்கள் வீட்டுக் கோழிகளை அப்படி ஒரு மணித்தியாலம் தொடர்ந்து நான் பார்த்ததே இல்லை என்பது அன்றைக்குத்தான் விளங்கியது.

எட்டரைபோல ஒரு செம்பேடு பெட்டிக்குள் ஏறியது. சுற்றிச் சுற்றி வைக்கோலைக் கிளறிப் பின்னால் தள்ளியது. நான் போட்டிருந்தது கொஞ்ச வைக்கோல்தான். அது எல்லாம் ஓரத்துக்குப் போய், நடுவில் வெறும் பலகை தெரிந்தது. பேடு எழும்பி அரைவாசி நின்றபடி இட்டது. முட்டை பலகையில் விழுந்த சத்தம் எனக்கே கேட்டது. இறங்கும்போது அதன் கால் பட்டு முட்டை உருண்டு சீமெந்து முட்டையில் முட்டியது. கோதில் விரிசல். வெள்ளைக்கரு கசிந்தது.

கறுத்த வால்காரி அந்த நேரம் கூட்டின் மறுபக்கத்தில் மண் குளித்துக்கொண்டு கிடந்தாள். கசிந்ததை முதலில் கண்டு கொத்தியது வேறு ஒரு செம்பேடு. அதற்குப் பிறகுதான் இவள் சத்தம் கேட்டு ஓடி வந்து, எல்லாரையும் தள்ளிவிட்டுத் தலையை உள்ளே விட்டாள். தின்னும் வேகத்தில் முகம் முழுக்கப் பூசிக்கொண்டாள். மற்றவை சொண்டைத் துடைத்துவிட்டுப் போய்விட்டன. அகப்பட்டது இவள்.

நான் வாங்கிலிருந்து எழும்பிவிட்டேன். மடியிலிருந்த கடதாசியெல்லாம் மண்ணில் கொட்டிவிட்டது. போன ஞாயிறே மச்சாளின் கத்திக்குப் போயிருக்க வேண்டியவள் அவள். முட்டையை உடைத்தது அவள் இல்லை. உடைந்ததைத் தின்றாள், அவ்வளவுதான். உடைய வைத்தது யார்? வைக்கோலை மிச்சம் பிடித்த நான்.

ஆனால் வைக்கோல் மட்டுமா? அன்று மிஞ்சிய ஒரு முட்டையை எடுத்து விரலால் மெல்ல அமர்த்தினேன். கடதாசிபோல உள்ளே போனது. அடுத்த நாள் பாடசாலை முடிந்து, அந்தக் கோதைத் தாளில் சுற்றிக்கொண்டு கால்நடை வைத்தியர் கந்தோருக்குப் போனேன். வைத்தியர் கோதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என்ன தீன் போடுறீங்கள்?"

"முட்டைக்கோழித் தீன்தான். அதோட மிஞ்சின சோறு, தேங்காய்ப் புண்ணாக்கு..."

"சோறு எவ்வளவு?"

நான் கையால் அளவு காட்டினேன். பாதிக்கு மேல் சோறுதான். அவர் சிரிக்காமல் சொன்னார், "அப்ப அதுகள் கோதுக்கு எங்க போறது? சோத்தைக் குறையுங்கோ. சிப்பி ஓடு இடிச்சு வேற ஒரு பாத்திரத்தில வையுங்கோ. தேவையானதைத் தானே எடுக்கும்."

சிப்பிக்குத் திருகோணமலையில் என்ன பஞ்சம்? வேலை முடிந்து வந்த வீட்டுக்காரர் கரையால் இறங்கி நடந்து ஒரு சாக்கில் கால்வாசி பொறுக்கி வந்தார். அவற்றைக் கழுவி, வெயிலில் காயவைத்து, இரும்பு உலக்கையால் அரிசிக் குறுணி அளவுக்கு இடித்தேன். ஒரு சிரட்டையில் போட்டு வைத்த முதல் நாளே ஏழும் அடிபட்டுத் தின்றன. அந்த ஆசையைப் பார்க்க எனக்கு ஒரு பக்கம் சந்தோசமாகவும் ஒரு பக்கம் குற்ற உணர்வாகவும் இருந்தது. இத்தனை நாளும் இதைத்தான் முட்டைக் கோதில் தேடியிருக்கின்றன.

பெட்டிகளுக்குள் அடியில் சாக்குத் துண்டு, அதற்கு மேல் தும்புத்தூள், அதற்கும் மேல் ஒரு சாண் உயரத்துக்கு வைக்கோல். வைக்கோல் வெளியே போகாமல் வாசலில் நாலு விரல் உயரத்துக்குப் பலகை. இன்னும் ஒன்றுதான் மிச்சம். இட்ட முட்டையை உடனே எடுக்க வேண்டும். நான் வேலையில் நிற்கிற நேரம் அது.

வேலியோரம் போய் ராத்தாவைக் கூப்பிட்டேன். கேட்கக் கூச்சமாகத்தான் இருந்தது.

"ராத்தா, ஒம்பது மணிக்கு ஒருக்கா, பதினொரு மணிக்கு ஒருக்கா எங்கட கூட்டுக்க எட்டிப் பாத்து முட்டையை எடுத்து வைக்க ஏலுமே? ரெண்டு கிழமைக்கு மட்டும்."

"இதுக்கு என்ன தங்கச்சி இவ்வளவு கதை? கூட்டுப் பூட்டுத் திறப்பத் தந்திட்டுப் போங்க."

அவர் வெறுமனே எடுத்து வைக்கவில்லை. எது எத்தனை மணிக்கு எந்தப் பெட்டியில் இட்டது என்று எனக்கு ஒப்புவிக்கத் தொடங்கினார். "இண்டைக்குக் கறுத்த வால்காரி நடுப் பெட்டிக்குள்ள போய்க் கல்லு முட்டையக் கொத்து கொத்தெண்டு கொத்தினாள். பிறகு சொண்டு நொந்து தலைய உதறிக்கிட்டுப் போய்ட்டாள்," என்று சொல்லிச் சிரித்தார். அதைக் கேட்டு எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே மனதுக்குள் நாளை எண்ணினேன். முட்டை என்று நினைத்துக் கொத்தியது உடையவில்லை, தின்னவும் ஒன்றுமில்லை. இப்படி நாலு தரம் கொத்தினால் எந்தக் கோழிக்கும் அலுத்துப் போகும்.

முதல் கிழமையில் இரண்டு முட்டை உடைந்தன. இரண்டாம் கிழமை புதன் ஒன்று. வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் ஒன்றும் உடையவில்லை. நான் வீட்டுக்காரருக்குக்கூடச் சொல்லவில்லை. சொன்னால் கண் பட்டுவிடும் என்ற பயம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தபோது மச்சாள் படலையடியில் நின்றார். கையில் பாரை மீன். "கத்தி தீட்டியாச்சே?" என்பதுதான் முதல் கதை.

"வாங்கோ மச்சாள்," என்று நேரே பின்வளவுக்குக் கூட்டிப் போனேன். வீட்டுக்காரரும் பின்னால் வந்தார். ராத்தா வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். அவருக்கும் இது சொந்த வழக்குப் போல ஆகிவிட்டிருந்தது.

இரண்டு பெட்டிகளில் நாலு முட்டை கிடந்தன. நடுப் பெட்டியின் திரையை மெல்ல விலக்கினேன். உள்ளே கறுத்த வால்காரி. வைக்கோலுக்குள் ஆழப் புதைந்து, கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு இருந்தாள். நாங்கள் நாலு பேரும் சத்தமில்லாமல் நின்றோம். சரியாக எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. மச்சாளின் மீன் வெயிலில் கிடந்தது. அதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

அவள் எழும்பினாள். திரும்பித் தன் முட்டையைப் பார்த்தாள். சொண்டைக் கீழே கொண்டு போனாள். முட்டையை ஒரு தரம் மெல்லத் தொட்டு, அடியில் கிடந்த வைக்கோலுக்குள் தள்ளிவிட்டு, பலகையைத் தாண்டி வெளியே குதித்து, ஊருக்கே கேட்கிற மாதிரிக் கொக்கரித்துக்கொண்டு போனாள்.

நான் அந்த முட்டையை எடுத்து மச்சாளின் உள்ளங்கையில் வைத்தேன். சூடு ஆறாத முட்டை. கோது தடிப்பாக, கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தது.

"அமத்திப் பாருங்கோ."

அவர் விரலால் அமர்த்தினார். பிறகு பெருவிரலால். முட்டை அசையவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் ராத்தா, "அல்ஹம்துலில்லாஹ்!" என்றார்.

மச்சாள் என்னை ஒரு பார்வை பார்த்தார். தம்பியின் பெண்சாதியாக இருபத்தைந்து வருசம் பார்த்தவர், அன்று புதிதாகப் பார்த்த மாதிரி இருந்தது. "நான் எத்தினை கோழியை இப்பிடி வீணா அறுத்திருப்பன்," என்றார். பெரிதாகச் சொல்லவில்லை. முட்டையைத் திருப்பித் தரவும் இல்லை, சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார். பகல் பாரை மீன் குழம்புதான் வைத்தோம். அவரே வெட்டித் தந்தார்.

அதற்குப் பிறகு எங்கள் தெருவில் மூன்று வீடுகளில் கோழி வந்துவிட்டது. ராத்தா நாலு வளர்க்கிறார். அவருடைய பெட்டிகள் முதல் நாளிலேயே இருட்டு மூலையில், தடியைவிடத் தாழ்வாக. பத்துப் பன்னிரண்டு சீமெந்து முட்டை வார்த்துக் கொடுத்திருக்கிறேன். இலங்கைத்துறைக்கும் இரண்டு போயிருக்கின்றன.

போன மாதம் ஒரு பகல், சோறு உலையில் இருக்கும்போது வீட்டுக்காரர் படகிலிருந்து போன் எடுத்தார். பக்கத்தில் அவருடைய கப்டன். மாத்தறைப் பக்கத்துச் சிங்களவர். ஊரில் மனைவி வளர்க்கும் கோழிகள் பெட்டிக்குள் படுத்து முட்டையெல்லாம் அழுக்காகிறதாம். "இவர் உன்னட்டத்தான் கேக்கச் சொல்லுறார்," என்றார்.

நான் கேட்டேன், "தடி உயரமோ, பெட்டி உயரமோ?"

அவர் சிங்களத்தில் கேட்டார். அங்கே கொஞ்ச நேரம் கதை நடந்தது. "பெட்டிதானாம் உயரம்."

"அப்ப தடியை உயத்தச் சொல்லுங்கோ. பின்னேரம் பெட்டி வாசலை அடைக்கச் சொல்லுங்கோ. பாவம், கோழியில பிழையில்லை எண்டும் சொல்லுங்கோ."

அவர் எல்லாவற்றையும் சொன்னார். கப்டன் அடுத்த கேள்வி கேட்டார், பிறகு இன்னொன்று. எஞ்சின் இரைச்சலுக்கு மேலால் வீட்டுக்காரர் என் ஒவ்வொரு சொல்லையும் கத்திக் கத்தி மொழிபெயர்த்தார். நடுவில் தன் பங்குக்கு எதையோ சேர்த்துச் சொன்னதும், அங்கே நாலைந்து பேர் ஆச்சரியப்படுகிற சத்தம் கேட்டது. என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "நீ சீமெந்தில முட்டை செய்வாய் எண்டு சொன்னனான்," என்றார். அந்தக் குரலில் இருந்த பெருமையை நான் இருபத்தைந்து வருசத்தில் அதிகம் கேட்டதில்லை.

போனை வைத்துவிட்டுக் குசினிக்குப் போனபோது சோறு குழைந்து போயிருந்தது. அதைத்தான் அன்றைக்குத் தின்றேன். நல்லாய்த்தான் இருந்தது.